குழந்தைகளுடன் காணத்தகும் கிறிஸ்துமஸ் திரைப்படங்கள்: ஒரு திறனாய்வு நோக்கு

கதை கேட்கும் குழந்தை கதையோடு சேர்த்து அதனுள் இயங்கும் நியாயத்தையும் வாங்கிக்கொள்கிறது. யாருக்கு என்ன கிடைத்தது, ஏன் கிடைத்தது, யாருக்குக் கிடைக்காமற் போயிற்று என்னும் கணக்கைத் தன் மனத்துள் எழுதி வைத்துக்கொள்கிறது. பெரியவர்கள் கதையின் முடிவை மறந்துவிடுவர். குழந்தை அந்தக் கணக்கை மறப்பதில்லை. அதனால்தான் குழந்தைகளுக்கென ஒரு திரைப்படத்தைத் தேர்ந்தெடுப்பது, அவர்களுக்கென ஒரு பாடநூலைத் தேர்ந்தெடுப்பதைப் போன்றே பொறுப்பு மிகுந்த செயலாகிறது.

ஆண்டுதோறும் டிசம்பர்த் திங்களில் தொலைக்காட்சியும் திரையரங்கும் கிறிஸ்துமஸ் படங்களால் நிரம்புகின்றன. இவற்றுட் பெரும்பாலானவை அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் உருவானவை. பனி பொழிய வேண்டும், விளக்குகள் மின்ன வேண்டும், பரிசுப் பொட்டலங்கள் குவிய வேண்டும், இறுதியில் அனைவரும் கூடிச் சிரிக்க வேண்டும் என்பது இத்தகைய படங்களின் பொது இலக்கணம். பெற்றோரும் ஆசிரியரும் இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்பொழுது பெரிதும் கேட்கும் வினா ஒன்றே: "குழந்தை இதைக் கண்டு அஞ்சுமா?" அச்சமும் அழுகையும் இல்லாத படம் நல்ல படம் என்று முடிவு கட்டிவிடுகின்றனர். இவ்வளவுகோல் போதாது என்பதும், பல வேளைகளில் தவறான படத்தையே கையில் கொடுத்துவிடும் என்பதும் இவ்வகைப் படங்களைக் கூர்ந்து நோக்குவார்க்குப் புலனாகும்.

கிறிஸ்துமஸ் தாத்தா ஒரு பட்டியல் வைத்திருக்கிறார். நல்ல குழந்தைக்குப் பொம்மை, தீய குழந்தைக்குக் கரித்துண்டு. கதையாகக் கேட்கும்பொழுது இஃது இனிக்கிறது. நியாயமாக ஏற்கும்பொழுது கொடுமையாகிறது. ஒரே வகுப்பில் ஒரு குழந்தைக்குப் புது மிதிவண்டி கிடைத்து, அடுத்த இருக்கையிலுள்ள குழந்தைக்கு ஒன்றும் கிடைக்காதபொழுது, அக்கணக்கின்படி வறிய வீட்டுக் குழந்தை தீய குழந்தை ஆகிவிடுகிறதன்றோ? எந்தப் பெற்றோரும் ஆசிரியரும் இதை வாய்விட்டுக் கற்பிப்பதில்லை. ஆயினும் பொருள் வந்து சேர்வதையே நன்மையின் சான்றாகக் காட்டும் படங்கள் இதனை ஓசையின்றிக் கற்பித்துவிடுகின்றன.

ஆகவே கேட்கத்தக்க வினா வேறு. படத்தில் வரும் இல்லாமைக்கு விடையாக வருவது பொருளா, மனிதனா? ஈகைக்கென ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர், இல்லாதவர்க்குக் கொடுப்பதையே ஈகை என்று கொண்டு, பயன் கருதித் தருவதை அதினின்றும் விலக்கி வைத்தார். அந்த அளவுகோலை ஒரு மேனாட்டுப் பண்டிகையின் படங்களுக்குப் பொருத்திப் பார்ப்பதில் பிழையில்லை. அப்பண்டிகைக் கதைகளின் மூலமே அதனைத்தான் வேண்டுகிறது.

டிக்கென்ஸ் இட்ட அடித்தளம்

இன்றைய கிறிஸ்துமஸ் படங்களிற் பலவற்றுக்குத் தாய்வீடாக விளங்குவது சார்ல்ஸ் டிக்கென்ஸ் எழுதி 1843ஆம் ஆண்டு டிசம்பர் 19ஆம் நாள் வெளிவந்த 'எ கிறிஸ்துமஸ் கரோல்' என்னும் குறுநாவல். அவ்வாண்டில் இங்கிலாந்தின் தொழிற்கூடங்களில் உழைத்த சிறுவர் சிறுமியர் நிலைபற்றி அரசாங்கக் குழு வெளியிட்ட அறிக்கை டிக்கென்சை உலுக்கிற்று. லண்டனில் ஏழைக் குழந்தைகள் பயின்ற ஒரு பள்ளிக்கும் அவர் சென்று வந்தார். தந்தையார் கடனுக்காகச் சிறைப்பட்டபொழுது பன்னிரண்டு வயதில் காலணி மை தயாரிக்கும் கூடத்தில் வேலை பார்த்தவர் அவர். துண்டறிக்கை ஒன்று எழுத எண்ணியவர் அதனை விடுத்துக் கதையைக் கைக்கொண்டார். முதற்பதிப்பான 6,000 படிகளும் கிறிஸ்துமசுக்கு முன்பே விற்றுத் தீர்ந்தன.

கதை பலரும் அறிந்ததே. ஈயாத கருமியான ஸ்க்ரூஜை ஓரிரவில் மூன்று ஆவிகள் சந்தித்து, அவனுடைய கடந்த காலத்தையும் நிகழ்காலத்தையும் வருங்காலத்தையும் காட்டுகின்றன. நிகழ்காலத்தின் ஆவி தன் அங்கியை விலக்கி, உள்ளே ஒடுங்கி நிற்கும் இரண்டு மெலிந்த குழந்தைகளைக் காட்டுகிறது. சிறுவனின் பெயர் அறியாமை. சிறுமியின் பெயர் வறுமை. இருவரினும் அஞ்சத்தக்கவன் அச்சிறுவனே என்று ஆவி எச்சரிக்கிறது. ஆசிரியர்கள் நெஞ்சிற் பதிக்க வேண்டிய இடம் இது. ஏழைகளைப் பற்றி ஸ்க்ரூஜ் முன்பு இகழ்ந்து கூறிய சொற்களையே ஆவி அவனிடம் திருப்பிக் கேட்கும்பொழுது கதையின் அறம் முழுமை பெறுகிறது.

1951ஆம் ஆண்டில் பிரையன் டெஸ்மண்ட் ஹர்ஸ்ட் இயக்க, அலெஸ்டர் சிம் நடித்து இங்கிலாந்தில் வெளிவந்த 'ஸ்க்ரூஜ்' என்னும் கறுப்பு வெள்ளைப் படம் இக்காட்சியை விலக்காமல் ஏற்றது. நிழல்கள் அடர்ந்த அப்படம் சிறு குழந்தைகளுக்குக் கடினமானதே. எனினும் பத்து வயதைக் கடந்தவர்கள் ஆசிரியரின் துணையோடு காண்பதற்கு அதனினும் தகுந்த பதிப்பைக் காண்பது அரிது.

அச்சத்தைக் கையாளும் முறை

அதே கதையை 1992இல் பாவைகளைக் கொண்டு படமாக்கினார் பிரையன் ஹென்சன். மப்பெட் பாவைகளைத் தோற்றுவித்த அவருடைய தந்தையார் ஜிம் ஹென்சன் 1990இல் காலமானபின் உருவான 'தி மப்பெட் கிறிஸ்துமஸ் கரோல்', மைந்தர் இயக்கிய முதல் முழுநீளத் திரைப்படமாகும். சூழவும் பாவைகள் துள்ளி விளையாட, ஸ்க்ரூஜாக நடித்த மைக்கேல் கெய்ன் மேடைக்குரிய கம்பீரத்துடன் சற்றும் நகையாடாமல் நடித்திருப்பது படத்திற்கு உயிரூட்டுகிறது.

இப்படத்திற் கருதத்தக்க உத்தி ஒன்றுண்டு. கான்ஸோ என்னும் பாவை டிக்கென்சாக வேடமேற்றுக் கதை சொல்கிறது. ரிஸோ என்னும் எலி உடன் வருகிறது. வருங்காலத்தின் ஆவி தோன்றும் இடத்தில் இருவரும் அஞ்சி, முடிவில் சந்திப்பதாகச் சொல்லிப் பார்வையாளரை விட்டு அகன்றுவிடுகின்றனர். அதுவரை துணை வந்தவர்கள் இல்லாமலே, காலியான சிறு இருக்கையையும் கேட்பாரற்றுக் கிடக்கும் ஊன்றுகோலையும் குழந்தை பார்க்கிறது. அச்சம் மறைக்கப்படவில்லை, அச்சம் வரப்போகிறதென்று முன்னரே சொல்லப்படுகிறது. அச்சத்தைக் கடந்தபின் தோழர்கள் திரும்பி வருகின்றனர். குழந்தையின் துணிவை மதித்துச் செய்யப்பட்ட ஏற்பாடு இது.

குறையும் ஒன்றுண்டு. அறியாமை, வறுமை என்னும் அவ்விரு குழந்தைகளும் இப்படத்தில் இடம்பெறவில்லை. அதனால் ஸ்க்ரூஜின் திருந்துதல், அவனிடம் வேலை பார்க்கும் எழுத்தரின் குடும்பத்துக்கு உதவும் நல்ல உள்ளமாகச் சுருங்கிவிடுகிறது. தெருவில் நிற்கும் முகந்தெரியாத குழந்தைகள் கதையை விட்டு நழுவிவிடுகின்றனர். படத்தைக் காட்டும் ஆசிரியர் அவ்விருவரையும் தம் வாய்மொழியால் மீட்டுத் தரலாம்.

கொடுத்தவன் பெற்றது

பிராங்க் காப்ரா இயக்கி 1946இல் வெளியிட்ட 'இட்ஸ் எ ஒண்டர்ஃபுல் லைஃப்', முதல் வெளியீட்டிற் பெருவெற்றி காணவில்லை. 1974இல் அதன் பதிப்புரிமை புதுப்பிக்கப்படாமற் போகவே, தொலைக்காட்சி நிலையங்கள் அடுத்தடுத்து ஒளிபரப்பின. அதன்பின்னரே அது கிறிஸ்துமஸ் காலத்தின் நிலையான படமாயிற்று.

ஜேம்ஸ் ஸ்டூவர்ட் ஏற்ற ஜார்ஜ் பெய்லி என்னும் பாத்திரம் உலகைச் சுற்றிவர ஏங்குகிறது. ஆயினும் ஒவ்வொரு முறையும் பிறர்க்காகத் தன் பயணத்தை விட்டுக்கொடுத்து, எளியோர் வீடு கட்டிக்கொள்ளக் கடனளிக்கும் ஒரு சிறு சங்கத்தைக் காத்து நிற்கிறது. கிறிஸ்துமசுக்கு முந்திய நாளில் சங்கத்தின் 8,000 டாலர் தொலைந்துபோகிறது. கைக்கு வந்த அப்பணத்தைப் பாட்டர் என்னும் செல்வன் தெரிந்தே மறைத்துவிடுகிறான். வீடு திரும்பிய ஜார்ஜ் மனைவி மக்கள்மீது சீறுகிறான், மகளின் ஆசிரியையைத் தொலைபேசியில் வைகிறான், பொருள்களை உடைக்கிறான், பின்னர்த் தன் குழந்தைகளின் திகைத்த முகங்களைக் கண்டு வருந்துகிறான். தந்தையின் சினத்தையும் அதன் பின்னுள்ள ஆற்றாமையையும் இத்துணை நேர்மையோடு காட்டிய கிறிஸ்துமஸ் படங்கள் மிகச் சிலவே.

உயிரை விடும் எண்ணத்துடன் அவன் பாலத்தின்மீது நிற்கும் காட்சி காரணமாக இப்படம் சிறு குழந்தைகளுக்கு உரியதன்று. 130 நிமிட நீளமும் அவர்களால் தாங்கத்தக்கதன்று. ஆனால் பன்னிரண்டு பதின்மூன்று வயதினர்க்கு இப்படம் தரும் கல்வி பெரிது. தான் பிறவாதிருந்தால் ஊர் என்னவாகியிருக்கும் என்பதை அவன் கண்டு மீண்டபின், ஊர்மக்கள் தத்தம் சிறு சேமிப்பைக் கொண்டுவந்து மேசைமேற் கொட்டுகின்றனர். பாட்டர் தண்டிக்கப்படவில்லை, மறைத்த பணமும் திரும்பவில்லை. தீயவன் வீழ்வதால் வரும் மகிழ்ச்சியைப் படம் நாடவில்லை. வாழ்நாள் முழுதும் ஒருவன் கொடுத்தவை மனிதர்களாகத் திரும்பி வருகின்றன என்பதே அதன் முடிபு. "பாட்டருக்கு ஏன் தண்டனை இல்லை?" என்று மாணவர் கேட்பர். அவ்வினா எழுந்தால் படம் தன் பணியைச் செய்துவிட்டது என்று கொள்ளலாம்.

மொழியே பரிசாகும் இடம்

ஜார்ஜ் சீட்டன் எழுதி இயக்கிய 'மிரக்கிள் ஆன் தர்ட்டிஃபோர்த் ஸ்ட்ரீட்' 1947இல் வெளிவந்தது. நியூயார்க்கின் புகழ்பெற்ற மேசீஸ் பேரங்காடியில் கிறிஸ்துமஸ் தாத்தாவாக அமர்த்தப்படும் முதியவர் தாமே உண்மையான தாத்தா என்கிறார். வழக்கு நீதிமன்றம் வரை செல்கிறது. அம்முதியவராக நடித்த எட்மண்ட் க்வென் சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கார் விருதைப் பெற்றார்.

இப்படத்தின் உயர்ந்த காட்சி நீதிமன்றத்தில் நிகழ்வதன்று. போர்க்காலத்துக்குப் பின் நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரத்து அனாதை இல்லத்திலிருந்து அமெரிக்கா வந்த ஒரு சிறுமியை, அவளை வளர்க்கும் தாய் பேரங்காடிக்கு அழைத்து வருகிறாள். சிறுமிக்கு ஆங்கிலம் தெரியாது. தாத்தாவால் அவளோடு பேச இயலாதென்று முன்னரே சொல்லியும் அவள் கேட்கவில்லை என்று தாய் வருந்துகிறாள். முதியவரோ சட்டென்று டச்சு மொழியிற் பேசத் தொடங்குகிறார். இருவரும் சேர்ந்து பாடுகின்றனர். சிறுமியின் முகம் மலர்கிறது. பொம்மை எதுவும் கைமாறவில்லை. அந்நிய நாட்டில் தன் தாய்மொழியைக் கேட்டதே அவள் பெற்ற பரிசு. தாய்மொழி கற்பிப்போர் இக்காட்சியின் பொருளை விளக்கம் வேண்டாமலே உணர்வர்.

ஆயினும் இப்படம் தன் கொள்கையை இறுதிவரை காக்கவில்லை. சூசன் என்னும் சிறுமி தாத்தாவிடம் ஒரு வீடு வேண்டுமென்று கேட்டிருக்கிறாள். பண்டிகை நாளில் அது கிடைக்காதபொழுது, முதல் முறை நிறைவேறவில்லை என்பதற்காக நம்பிக்கையைக் கைவிடலாகாது என்று தாய் கூறுகிறாள். அவ்விடத்தில் முடிந்திருந்தால் படம் மேலும் உயர்ந்திருக்கும். அடுத்த சில நிமிடங்களில் அந்த வீடே கண்முன் வந்து நிற்கிறது; நம்பிக்கைக்குப் பொருளே சான்றாகிவிடுகிறது. மேலும், கிறிஸ்துமஸ் தாத்தா உண்மையா என்னும் வினாவையே இப்படம் மையமாகக் கொண்டிருப்பதால், அவரை நம்பும் பருவத்துக் குழந்தையுடன் காண்போர் அவ்வினாவுக்கு ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.

எழுபது ஆண்டுகளுக்குப் பின்னர், 2019இல், ஸ்பெயின் நாட்டுக் கலைஞர் செர்ஜியோ பாப்லோஸ் இயக்கிய 'கிளவுஸ்' என்னும் ஓவிய அசைவுப்படம் இதே கருத்தை வேறு முறையில் தொட்டது. சோம்பேறி அஞ்சற்காரன் ஜெஸ்பர், தன் சுகவாழ்வுக்குத் திரும்புவதற்காக ஓராண்டில் 6,000 கடிதங்களைச் சேர்த்தாக வேண்டும். அதற்காகக் குழந்தைகளைக் கடிதம் எழுதத் தூண்டுகிறான். நல்ல குழந்தைக்கே பொம்மை என்னும் விதியும் அவன் வாயிலிருந்தே, ஒரு குறும்புச் சிறுவனை மிரட்டும் சொல்லாகப் பிறக்கிறது. பட்டியல் வைத்திருக்கும் தாத்தா என்னும் கதை எத்தகைய தேவையிலிருந்து தோன்றக்கூடும் என்பதைக் குழந்தைகளுக்கே காட்டிவிடும் துணிவு பாராட்டுக்குரியது.

அப்படத்தில் வரும் ஆசிரியை ஆல்வா, மாணவரே வராத பள்ளியில் மீன் விற்றுப் பிழைக்கிறாள். கடிதம் எழுத ஆசைப்பட்டுக் குழந்தைகள் எழுத்தறிய வந்தபின், ஊரை விட்டுப் போவதற்காகச் சேர்த்த பணத்தை எடுத்துப் பள்ளியைப் புதுப்பிக்கிறாள். சாமி மொழி பேசும் மார்கு என்னும் சிறுமியின் சொற்கள் ஜெஸ்பருக்கு விளங்கவில்லை. ஆல்வாவின் உதவியால் அவளுடைய விருப்பம் தெரியவர, அவளுக்கென ஒரு பனிச்சறுக்கு வண்டியைச் செய்கிறான். கணக்கில் சேரும் கடிதத்துக்காகச் செய்ததன்று அது. தன்னலம் அவனை விட்டு நீங்கும் இடம் அதுவே. ஏழெட்டு வயது முதல் காணத்தக்க இப்படம், பின்னாளிலும் ஆசிரியர் பலரால் விரும்பப்படும் என்பதில் ஐயமில்லை.

சிரிப்பின் விலை

அச்சமில்லாத படம் என்று பலரும் தயங்காது தேர்ந்தெடுப்பது 1990இல் கிறிஸ் கொலம்பஸ் இயக்கிய 'ஹோம் அலோன்'. பாரிஸ் நகருக்குப் புறப்பட்ட குடும்பம் எட்டு வயதுச் சிறுவன் கெவினை வீட்டிலேயே மறந்துவிட்டுச் செல்கிறது. வீடு புகும் இரு திருடர்களை அவன் தனித்து எதிர்கொள்கிறான். மக்காலே கல்கினின் நடிப்பும் ஜான் வில்லியம்சின் இசையும் படத்தை உலகெங்கும் கொண்டு சென்றன.

இப்படத்தின் இறுதிப் பகுதியில் இஸ்திரிப் பெட்டி முகத்தில் விழுகிறது. ஆணி காலிற் பாய்கிறது. தலை தீயில் கருகுகிறது. ஒவ்வோர் அடிக்கும் குழந்தைகள் கைகொட்டிச் சிரிக்கின்றனர். அடிபட்டவர் மீண்டும் எழுந்து நடக்கிறார். வலி என்பது விளைவற்ற விளையாட்டாகிவிடுகிறது. ஆவியைக் கண்டு அஞ்சும் குழந்தை பிறருக்காக அஞ்சக் கற்கிறது. இங்கே சிரிக்கும் குழந்தை பிறர் வலியைக் காணாதிருக்கக் கற்கிறது. இவ்விரண்டில் எது தீங்கு என்பதைப் பெற்றோர் எண்ணிப் பார்த்தல் தகும்.

எனினும் இப்படத்தை முற்றாகத் தள்ளிவிடுவதும் நேர்மையன்று. ஊரார் கொலைகாரன் என்று கிசுகிசுக்கும் அண்டைவீட்டு முதியவரைக் கெவின் தேவாலயத்தில் சந்திக்கிறான். மகனோடு பிணங்கித் தனித்து வாழும் அவர் தம் பேத்தியின் பாடலைக் கேட்க மறைவாக வந்திருக்கிறார். சிறுவன் கூறிய அறிவுரையால் அவர் மகனை அழைக்கிறார். இறுதியில் அக்குடும்பம் கூடுவதைக் கெவின் சாளரத்தின் வழியே பார்க்கிறான். படத்தின் உண்மையான கிறிஸ்துமஸ் அச்சாளரத்திலேயே இருக்கிறது. குழந்தையோடு காண்போர் பொறிகளைப் பற்றிப் பேசுவதினும் அச்சாளரத்தைப் பற்றிப் பேசுவார்களாயின் படம் பயன்படும்.

ஆறுதல் கூறாத முடிவு

ரேமண்ட் பிரிக்ஸ் 1978இல் வெளியிட்ட சொல்லில்லாச் சித்திர நூலைத் தழுவி, 1982இல் இங்கிலாந்தின் நான்காம் அலைவரிசைத் தொலைக்காட்சிக்காக டயான் ஜாக்சன் இயக்கிய 'தி ஸ்னோமேன்' 26 நிமிடமே ஓடுவது. நூலில் இல்லாத கிறிஸ்துமஸ் தாத்தா படத்திற் சேர்க்கப்பட்டார். உரையாடல் இல்லாமையால் எந்த மொழிக் குழந்தையும் இதனைத் தடையின்றிக் காணலாம்.

சிறுவன் ஒருவன் செய்த பனிமனிதன் இரவில் உயிர் பெறுகிறான். இருவரும் வானிற் பறந்து வடதுருவம் சென்று திரும்புகின்றனர். விடிந்ததும் பனிமனிதன் உருகிக் கிடக்கிறான். தாத்தா தந்த, கழுத்திற் சுற்றும் கம்பளித் துணியைக் கையிற் பிடித்தபடி சிறுவன் மண்டியிட்டு அமர்கிறான். அவ்வளவே. இன்னொரு பனிமனிதனைச் செய்துகொள்ளலாம் என்று எவரும் சொல்லவில்லை. கையிலுள்ள பரிசு, போனவனை மீட்டுத் தரவில்லை. போனவன் இருந்தான் என்பதற்குச் சான்றாக மட்டும் நிற்கிறது. பொருளின் எல்லையை இதனினும் எளிமையாகக் குழந்தைக்கு உணர்த்துதல் அரிது. தாத்தாவையோ பாட்டியையோ இழந்த வீட்டில் இப்படம் ஓடும்பொழுது, குழந்தை கேட்கும் முதல் வினாவுக்காகப் பெரியவர் ஒருவர் அருகில் அமர்ந்திருப்பது கட்டாயம்.

தேர்வுக்குரிய வினாக்கள்

மேற்கூறியவற்றிலிருந்து பெற்றோரும் ஆசிரியரும் கைக்கொள்ளத்தக்க மூன்று வினாக்களைத் தொகுத்துக் கூறலாம். முதலாவது, படத்தில் இல்லாமை என்பது இடம் பெற்றிருக்கிறதா? வறுமையோ தனிமையோ இழப்போ இல்லாத கிறிஸ்துமஸ் படம் விளம்பரத்தை ஒத்தது. இரண்டாவது, அவ்வில்லாமைக்கு விடை தருவது யார்? ஒருவர் தம் நேரத்தையோ மொழியையோ சேமிப்பையோ பெருமையையோ கொடுத்து விடை தந்தால் அது கொள்ளத்தக்கது. வானிலிருந்து பொட்டலம் இறங்கி விடை தந்தால் ஆராயத்தக்கது. மூன்றாவது, படத்தில் எவருடைய வலியாவது சிரிப்புக்கு விலையாகக் கொடுக்கப்படுகிறதா? கொடுக்கப்பட்டால், அதனைச் சுட்டிக்காட்டும் பெரியவர் உடனிருத்தல் வேண்டும்.

இம்மூன்றினையும் விட முதன்மையானது படத்தைப் பெரியவர் முன்னதாகத் தாமே ஒருமுறை பார்த்துவிடுதல். எவ்விடத்தில் குழந்தை அருகே நெருங்கி அமரும், எவ்விடத்தில் வினா எழுப்பும் என்பதை அறிந்தவரே உடனிருந்து காட்ட வல்லவர். குழந்தையைத் திரையின் முன் அமர்த்திவிட்டு வேறு வேலை பார்ப்பதற்கு எந்த நல்ல படமும் உதவாது.

படம் முடிந்து விளக்கேற்றியபின் குழந்தையிடம் "பிடித்திருந்ததா?" என்று கேட்பது வழக்கம். "யார் எதைக் கொடுத்தார்கள்?" என்று கேட்டுப் பார்க்கலாம். பொம்மை, வண்டி, வீடு என்று குழந்தை அடுக்கினால் பேச வேண்டியது இன்னும் இருக்கிறது. அந்தத் தாத்தா அவளுடைய மொழியிற் பேசினார் என்று சொல்லுமாயின், பரிசு பெறாத தோழனைத் தீயவன் என்று அக்குழந்தை ஒருநாளும் எண்ணாது.